பதினோரு கெண்டைகளும் அண்ணனின் நோன்பும்

அறுபத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, என் அண்ணன் ஒரு வண்டிக்காரரின் முன்பற்கள் இரண்டை உடைத்தார். நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தின் முதல் மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் மல்லாட்டை மண்டியின் வாசலைக் கடந்துகொண்டிருந்தேன். மூட்டை ஒன்று சரிந்து அவிழ்ந்து, வேர்க்கடலைக் காயெல்லாம் சேற்றில் கொட்டியிருந்தது. அண்ணன் வண்டிக்காரரின் கையிலிருந்த சாட்டையையே பிடுங்கினார். வார்ப் பக்கத்தால் அல்ல, கம்புப் பக்கத்தால் அடித்தார். முதல் அடி தோளில் விழுந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ வாயில் விழுந்தது. வண்டிக்காரர் பல்லைத் துப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சேரியிலிருந்து வந்தவர் அந்தக் காலத்தில் அப்படித்தான் நிற்க வேண்டியிருந்தது. நான் சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன். முதல் மணிக்குள் சேர்ந்தும் விட்டேன்.

நாங்கள் நயினார்கள், சமணர். இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டாத தண்ணீரை எங்கள் வீட்டில் குடிப்பதில்லை. துணியில் தங்கும் கண்ணுக்குத் தெரிந்த, தெரியாத ஜீவன்களை எந்தத் தண்ணீரிலிருந்து எடுத்தோமோ அந்தத் தண்ணீரிலேயே திரும்ப விட வேண்டும். வேறு தண்ணீரில் விட்டால் அவை சாகும், அந்தப் பாவம் வடிகட்டியவரைச் சேரும். பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக. இந்த நியதிகளில் ஒன்றைக்கூட அண்ணன் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

அண்ணியையும் அடிப்பார். அடிக்கும்போது சத்தம் போடமாட்டார், அண்ணியும் போடமாட்டார். கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்பது, ஈரத்துணியைக் கல்லில் அறைவது போன்ற ஓசை மட்டும்தான். பிறகு அண்ணி வெளியே வந்து, முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு அடுப்பைப் பார்ப்பார். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவரும் அடிக்கிறவர்தான். அவர் இறந்த பிறகு மண்டியும் அந்தக் கையும் பன்னிரண்டு வயது மூத்தவரான அண்ணனுக்கு வந்தன. பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் உதவியாளன் வேலை எனக்குக் கிடைத்தது. இருபத்து நான்கு வயதிலும் அண்ணன் சோற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இருந்த நிலையைச் சொல்கிறேன்.

வண்டிக்காரரின் பல் போன மறுநாளிலிருந்து செஞ்சியில் ஒரு வண்டியும் எங்கள் மண்டிக்கு வரவில்லை. மூட்டைகள் மழை ஈரத்தில் முளைகட்டத் தொடங்கின. கடைசியில் எங்கள் கோயிலில் பூசை செய்யும் வாத்தியார் நடுவில் வந்து பேசினார். வண்டிக்காரரிடம் அண்ணன் மன்னிப்புக் கேட்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வேறு வழி செய்தார்கள். ஆடி முதல் தேதியிலிருந்து தீபாவளி வரைக்கும், மழைக்கால நோன்பாக, மனிதர்மேலோ மாட்டின்மேலோ கையை ஓங்குவதில்லை என்று அண்ணன் சுவாமி முன்னால் சொன்னார். வண்டிகள் வந்தன.

அன்றைக்கு அண்ணி அடுப்பங்கரையில் தேங்காய் துருவிக்கொண்டே மாதங்களை விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தேன். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் பாதி. எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

மீன் தொட்டி வந்தது அதே வாரம். பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்திச் செய்த தொட்டி அது. கண்ணாடி ஓரத்தில் அடைத்திருந்த மக்கு விட்டு ஒழுகியதால் ஓரமாகப் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புது மக்கு பூசி, சங்கராபரணி ஆற்று மணலை ஏழு முறை அலசிப் போட்டு, கோட்டைக்குள் இருக்கும் செட்டிகுளத்திலிருந்து வேலம்பாசியும் நாடா போன்ற இலையுள்ள இன்னொரு பாசியும் கொண்டுவந்து நட்டேன். அதே குளத்துப் பொடிக் கெண்டைகள் பதினொன்று. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

சாயங்காலம் மண்டியிலிருந்து வந்த அண்ணன் தொட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இன்னாடா இது?"

பள்ளிக்கூடத்து மீன் தொட்டி என்றேன்.

"ஜெயில்னு சொல்லு." விரலால் கண்ணாடியைத் தட்டினார். மீன்கள் சிதறின. "இதுங்க ஒன்னையொன்னு தின்னாம, சாவாம, தீபாவளி வரைக்கும் இருக்குமா?"

"தண்ணி சரியா இருந்தா இருக்கும்ணா."

"அப்ப நானும் இருக்கேன்." அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்ற அண்ணியைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னார். "இந்தப் பொட்டில ஒரு உசுரு போச்சின்னா, என் நோம்பும் அன்னியோட தீந்துது. ஜீவனத் தெனம் கொல்ற வூட்ல எனக்கு மட்டும் இன்னா நோம்பு?"

சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணி அப்படி நினைக்கவில்லை. அடுத்த நாள் காலையில், "தம்பி, இதத் திரும்பக் கொண்டுபோய் வுட்டா ஒத்துப்பாரா?" என்று கேட்டார். நான் அண்ணனிடம் கேட்டேன். பொட்டி வெளியே போனாலும் நோன்பு போகும் என்றார்.

அண்ணன் இன்னொரு நிபந்தனையும் வைத்தார். குளத்துத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றினால் அதிலுள்ள புழு பூச்சிகளை மீனுக்குத் தீனியாகப் போட்டது போல ஆகும். வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். அந்த வேலையை அண்ணி எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் நான் சைக்கிளில் இரண்டு தகர டின் தண்ணீர் கொண்டுவருவேன். வாரம் முழுதும் அண்ணி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் வடித்து வைப்பார். மீனுக்கு அரிசி மாவும் தவிடும் போட்டோம்.

என் வேலை தண்ணீர். அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். இன்றும் இருக்கிறது. எங்கள் கிணற்றில் சுண்ணாம்பு அதிகம். வெந்நீர்த் தவலையின் உட்புறம் வெள்ளைத் தகடாகப் படிந்திருக்கும். சீசாவில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால், பதினாறு சொட்டுக்குப் பிறகுதான் நுரை நிற்கும். செட்டிகுளத்துத் தண்ணீருக்கு மூன்றே சொட்டு. பாறைமேல் விழுந்த மழை அப்படியே இறங்கி நிற்கிற தண்ணீர் அது. கெண்டைக்கு அதுதான் பழக்கம். ஆனால் சுண்ணாம்பே இல்லாத தண்ணீருக்குப் பிடிமானம் கிடையாது. இரவெல்லாம் பாசியும் மீனும் மூச்சுவிட்டு, விடிகாலையில் லிட்மஸ் தாள் சிவக்கும். வெயில் ஏறிப் பாசி முத்து முத்தாகக் குமிழி விட்டபின், பிற்பகலில் அதே தண்ணீரில் தாள் நீலமாகும். இரண்டு பக்கமும் கொலைதான். புளிப்பு ஏறினால் மீனின் செவுள் வெந்துபோகும். காரம் ஏறினால் மீனின் கழிவே அதற்கு விஷமாகும். இதைப் பள்ளிக்கூடத்து அலமாரியில் கிடந்த ஒரு புத்தகத்தில் படித்தேன். இரண்டு பங்கு குளத்துத் தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் சேர்த்தபோது ஆட்டம் அடங்கியது. காலைத் தாளுக்கும் மாலைத் தாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆடியிலும் ஆவணியிலும் மீன்கள் நான் எதிர்பார்த்ததைவிடக் கொழுத்தன. வயிறு பளபளத்தது. தவிட்டுக்கு இவ்வளவு சதை வைக்குமா என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், தண்ணீரின் கட்டு சரியாக அமைந்துவிட்டது என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அண்ணன் நோன்பைக் காத்தார். அது பார்க்கப் பயமாக இருந்தது. கோபம் வரும்போது கையை வேட்டியின் முடிச்சுக்குள் செருகிக்கொள்வார். ஒருமுறை பித்தளை டம்ளரை அமுக்கியே நசுக்கினார். மற்றொரு முறை, அண்ணி காபியைக் கொட்டிவிட்டதற்காக, நிலைக்கதவில் நெற்றியை மூன்று முறை மோதிக்கொண்டார். தோல் கிழிந்து ரத்தம் மூக்கில் இறங்கியது. அண்ணி மஞ்சள் வைக்கப் போனார். "கிட்ட வராத" என்றார். தினமும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, கைகழுவிய ஈரத்தோடு தொட்டியின் முன்னால் நின்று, கண்ணாடியைத் தட்டித் தட்டி மீன்களை எண்ணுவார். பதினொன்று வரும்வரை அண்ணி அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டமாட்டார்.

புரட்டாசி இரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலையில் ஒரு மீன் மணலில் கிடந்தது. வெளுத்துப்போய்ப் பஞ்சு போல இருந்தது. மற்ற மீன்கள் அதன் வயிற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. அண்ணன் பல் துலக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார். நான் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஈரம் நெஞ்சில் ஊறியது. பள்ளிக்கூடத்து வேலி ஓரத்தில் புதைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் வேகாத வெயிலில் கோட்டைக்குச் சைக்கிள் மிதித்து, துண்டால் ஒரு கெண்டையைப் பிடித்துக்கொண்டு வந்து தொட்டியில் விட்டேன். சாயங்காலம் அண்ணன் எண்ணினார். பதினொன்று.

நான்கு நாள் கழித்து இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் குளத்திலிருந்து மாற்று பிடித்துவந்து விட்டேன். தண்ணீர்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலைத் தாள் சிவப்பாக இருப்பதாகத் தோன்றியது, கிணற்றுத் தண்ணீரைக் கூட்டினேன். மாலைத் தாள் நீலமாகத் தோன்றியது, குளத்துத் தண்ணீரைக் கூட்டினேன். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுவிட்டேன். ஒருநாள் அளவு தவறி, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு துடித்தன. பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிக் காப்பாற்றினேன். நோட்டின் அந்தப் பக்கங்களில் ஒருநாளைக்கு ஐந்து பதிவுகள் இருக்கின்றன.

அண்ணி நான் பையில் எதையோ போடுவதை இரண்டாவது சாவிலேயே பார்த்துவிட்டார். ஒரு வாரம் கழித்து, சோறு போடும்போது, என் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினி?"

"நாலு, அண்ணி. தண்ணிய சரி பண்ணிடுவேன்."

"பண்ணிடு தம்பி. கண்ணாலம் ஆனதுலேந்து இத்தினி நாள் சேந்தாப்ல நான் வலியில்லாம குனிஞ்சி நிமிந்ததே கெடையாது."

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும் ஞாயிறன்று கடைசியாக டின்களை நிரப்பிக்கொண்டு வந்தேன். அதற்கடுத்த ஞாயிறு குளம் வழிந்து பாதையெல்லாம் வெள்ளம், போக முடியவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணன் எண்ணிவிட்டுப் போன பிறகு ஒரு மீன் செத்தது. செவ்வாய் காலை இரண்டு. தொட்டியில் எட்டுதான் மிச்சம். அதிர்ஷ்டவசமாக அண்ணன் செவ்வாய் விடியலிலேயே சரக்கு விஷயமாகத் திண்டிவனம் போய்விட்டார். புதன்கிழமை சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள்.

புதன்கிழமை மழையால் பள்ளிக்கூடம் இல்லை. காலை பத்து மணிக்கு நான் கூடத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி பழைய டின் தண்ணீரின் கடைசியை வடித்தார். பிறகு அந்தத் துணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, தொட்டிக்குள் தலைகீழாக முக்கி மெதுவாக அலசினார். கோயிலில் தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பக்குவம் அந்தக் கையில் இருந்தது.

இன்னா அண்ணி பண்றீங்க என்று கேட்டேன்.

"ஜீவனுங்கள வுட்றேன். தெனம் நாலு மைல் நடந்து கொளத்துல வுட முடியுமா? இதுவும் அந்தக் கொளத்துத் தண்ணிதானே. அதுங்க தண்ணிலயே அதுங்கள வுட்டுட்டா பாவம் இல்ல." என் முகத்தைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. "ஆடியிலேந்து இப்டித்தான் பண்றேன். ஏன்?"

நான் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு வேலம்பாசியைக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டேன். மூன்றாவது கொத்தில் இருந்தது. விரல் கணு அளவு, பழுப்பு நிறம், தட்டையான தலை, அரிவாளைப் போல வளைந்த இரண்டு கொடுக்கு. நீர்வண்டின் புழு. கொடுக்குகள் ஒரு கெண்டையின் பிடரியில் இறங்கியிருந்தன. மீனின் வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருக்கும் சதையைக் கரைத்து உறிஞ்சிவிட்டுத் தோலை விட்டுவிடும் பூச்சி அது. துணியில் தங்கும்போது எள்ளளவு இருந்திருக்கும். கருணையோடு கொண்டுவந்து விட்ட கூட்டத்தில் பாதி மீனுக்குத் தீனியாகி மீனைக் கொழுக்க வைத்தது. மீதி, பாசிக்குள் ஒளிந்து வளர்ந்து மீனைத் தின்றது. ஒரு மாதமாக நான் தண்ணீரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மீனைப் பிரித்தெடுத்தேன். புழுவை முற்றத்துக் கல்லில் போட்டு, தொட்டிக்கு முட்டாக வைத்திருந்த செங்கல்லால் நசுக்கினேன். ஒன்றோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஒவ்வொரு கொத்தாக உதறி, ஒவ்வொன்றாகப் பிடித்து, செங்கல்லைத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன். ஏழு. ஒன்று என் கட்டைவிரலில் கொடுக்கை இறக்கியது. அதைச் செங்கல் இல்லாமல் நகத்தாலேயே கிழித்தேன். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரிந்தே செய்த முதல் கொலை. சுகமாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

"போதும் தம்பி" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையாவது முறை என்று தெரியாது.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். மழையில் சந்தை கூடவில்லை என்று முதல் பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கல்லைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். விரலை நீட்டி, மீனை எண்ணுவது போலவே எண்ணினார்.

"ஏழு" என்றார். முகத்தில் கோபமே இல்லை. வெகுதூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கி வைத்தவரின் முகம். "எங்கேந்து வந்துது?"

நான்தான் கொன்றேன், தொட்டிக்கு வெளியே கொன்றேன், மீன்கள் இருக்கின்றன, என்றெல்லாம் வேகமாகச் சொன்னேன். அவர் அண்ணியின் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வுட்டேன்" என்றார் அண்ணி. "தெரியாம வுட்டேன்."

அண்ணன் அந்தத் துணியை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். ஈரம் சொட்டச் சொட்ட முறுக்கிக் கயிறாக்கி, முதல் அடியை அண்ணியின் கழுத்தில் போட்டார். நான்கு மாதமாகக் கேட்காத ஓசை. இரண்டாவது காதின்மேல் விழுந்தது, தோடு தெறித்தது. மூன்றாவதில் அண்ணி முற்றத்தில் விழுந்தார். நான் அண்ணனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். நான்கு மாதத்துக்கு முன்பு சாட்டைக்கம்பு விழுந்தபோது சைக்கிளில் ஏறிப்போன அதே நான்தான். அவர் முழங்கையால் என் மூக்கில் இடித்தார். இருவரும் சுழன்று தொட்டியின்மேல் சரிந்தோம். கண்ணாடி வெடித்தது. மணலும் பாசியும் தண்ணீரும் கூடமெங்கும் ஓடின. என் இடது முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்துகொண்டது. தழும்பு ஒன்பது அங்குலம், அளந்திருக்கிறேன். விழுந்து கிடந்தவனை அண்ணன் விலாவில் இரண்டு உதை உதைத்துவிட்டு, மூச்சு வாங்க, தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் கையிலும் ரத்தம், அது யாருடையது என்று தெரியவில்லை.

தரையில் மீன்கள் துள்ளின.

முதலில் எழுந்தது அண்ணிதான். காதிலிருந்து ரத்தம் தோளில் வழிந்துகொண்டிருந்தது. அண்ணனின் காலடியில் கிடந்த துணியைக் குனிந்து எடுத்தார். அண்ணன் தடுக்கவில்லை. பித்தளைச் செம்பில் மிச்சமிருந்த குளத்துத் தண்ணீரை ஊற்றி, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலிருந்து மீன்களை ஒவ்வொன்றாகத் துணியில் ஏந்திச் செம்பில் விட்டார். ஐந்து உயிரோடு இருந்தன. செத்தவற்றையும் விடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டார். செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

நான் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தேன். கோட்டைப் பாதையில் வெள்ளம் கணுக்கால் அளவுக்கு வடிந்திருந்தது, அண்ணி அதில் இறங்கி முன்னால் போனார். மழை விட்டிருந்தது. செட்டிகுளம் படி விளிம்புவரை நிறைந்திருந்தது. அண்ணி முழங்கால் அளவு இறங்கி, செம்பைச் சாய்த்து மீன்களை விட்டார், முந்தானை முடிச்சிலிருந்த செத்தவற்றையும் விட்டார். பிறகு துணியை அவிழ்த்து, வழக்கம்போலத் தலைகீழாக முக்கி அலசினார். தண்ணீர் கொஞ்சம் சிவந்து தெளிந்தது. பிழிந்து நான்காக மடித்துச் செம்பின் வாயில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"நான் தொண்டூர் போறேன்."

தொண்டூரில்தான் அவருடைய அப்பா வீடு. கூட வருகிறேன் என்றேன்.

"இன்னாத்துக்கு? நீ வூட்டுக்குப் போ. கைக்குக் கட்டுப் போடு. பொழுது போயிட்டா சாப்ட முடியாது."

சாலைவரை ஏறிப்போய், தொண்டூர்ப் பக்கம் திரும்பினார். திரும்பிப் பார்க்கவில்லை. சமாதானம் பேச மூன்று முறை பெரியவர்கள் போனார்கள், கோயில் வாத்தியாரும் போனார். வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குத் தையல் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அண்ணன் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டிருந்தார். கூடம் கழுவியிருந்தது. கல்லையும் கழுவிவிட்டிருந்தார். எதிரெதிரே இரண்டு இலை போட்டு, அண்ணி காலையில் வடித்து வைத்த சோற்றை, வீங்கிப்போன வலது கையை விட்டு இடது கையால் பரிமாறினார்.

"உக்காரு. பொழுது சாயுது" என்றார்.

உட்கார்ந்தேன். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தோம்.